வீரையா டெஸ்ட்

1. முதல் நாள்

மூன்றாம் படிவத்தோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, படிப்பை விட்டவன் நான். பீடோங்குக்குப் பக்கத்தில் ஒரு பல்கலைக்கழகத்தின் கணினி நிலையத்தில், கம்ப்யூட்டர்களைத் தூக்கி வைக்கிற ஆளாகத்தான் என்னை எடுத்தார்கள். முதல் நாள் காலை முருகனுக்குக் கற்பூரம் ஏற்றிவிட்டு, நெற்றி நிறையத் திருநீற்றோடு போய் நின்றேன். என்னை விட்ட இடம் மென்பொருள் பிரிவு. மாணவர்களுக்கும் விரிவுரையாளர்களுக்கும் வேண்டிய சிஸ்டங்களை எழுதிக் கொடுப்பதும், அவை மக்கர் பண்ணினால் கவுண்டரில் பதில் சொல்வதும் அங்கே வேலை.

பிரிவுத் தலைவர் நசீர் சார் மெர்கோங்கிலிருந்து தினமும் காரில் வருவார். வயதில் என்னைவிடச் சின்னவர். மத்தியானம் என்னைக் கூப்பிட்டு ஒரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார்.

"அண்ணே, இதுல லீவு விண்ணப்பம் ஒண்ணு போடுங்க பாப்போம்."

"எனக்கு இதெல்லாம் தெரியாது சார்."

"அதான் வேணும். இங்க இருக்கிறவங்களுக்கு எல்லாம் தெரியும். அதான்ணே பிரச்சினையே."

நான் தடுமாறிய இடங்களையெல்லாம் அவர் குறித்துக்கொண்டார். மறுநாள் அந்த இடங்கள் மாறியிருந்தன. அன்றிலிருந்து எந்த சிஸ்டமும் வெளியே போகும் முன் என்னிடம் வரும். ஃபாரத்தில் 'யூசர் டெஸ்ட்' என்று இருக்கும். ஆபீசில் எல்லாருக்கும் அது என் பெயரில் 'வீரையா டெஸ்ட்'. வீட்டுக்காரியிடம் சொல்லிச் சிரிப்பேன். உள்ளுக்குள் பெருமைதான்.

2. கால் மரத்த கதை

சில வருடங்கள் கழித்து, விடுதி அறைக்கு விண்ணப்பம் போடும் சிஸ்டத்தை ஷாமினி என்ற புரோகிராமர் எழுதினாள். கெட்டிக்காரப் பெண். டெஸ்ட் அன்று மேலதிகாரிகள் சிலர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்கள். எனக்கு வியர்த்தது.

நாலாவது பக்கத்தில் 'ஹந்தார்' என்ற அனுப்பும் பட்டனைத் தட்டினேன். பச்சை டிக் வந்தது. முடிந்தது என்று எழுந்தேன். ஷாமினியின் முகத்தைப் பார்த்ததும்தான் முடியவில்லை என்று தெரிந்தது. திரும்ப உட்கார்ந்து பக்கத்தை இழுத்தால், அடியில் 'சாஹ்கான்' என்று உறுதி செய்யும் பட்டன் இன்னொன்று. அதையும் தட்டினேன்.

"எங்கயாச்சும் கஷ்டமா இருந்துச்சா அங்கிள்?"

பின்னால் அத்தனை பேர். "இல்லம்மா, ஈசி லா. கால் மரத்துப் போச்சு, அதான் எந்திரிச்சேன்."

எல்லாரும் சிரித்தார்கள். 'சிக்கல் இல்லை' என்ற கட்டத்தில் டிக் போட்டுக் கையெழுத்தும் வைத்தேன்.

3. பதிவு நாள்

புதிய மாணவர்கள் வந்து சேரும் நாள். பாடாங் செராய்ப் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து துர்கா என்ற பெண் அம்மாவோடு எங்கள் கவுண்டருக்கு வந்தாள். அம்மா கையில் தலையணையும் துணிப்பையும், மகள் கையில் வாளி. பட்டியலில் பெயரும் இல்லை, அறையும் இல்லை என்று விடுதி ஆபீசில் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

"நான் விண்ணப்பம் போட்டேன் அங்கிள். பாருங்க, டிக் வந்திருக்கு" என்று போனை நீட்டினாள். பச்சை டிக்கைப் படமெடுத்து வைத்திருந்தாள்.

ஷாமினி தேடிப் பார்த்தாள். "ஹந்தார் போட்டிருக்கீங்க தங்கச்சி. சாஹ்கான் போடல. அது கீழ இருக்கும்."

"தினம் வந்து போக முடியாதும்மா" என்றார் அந்த அம்மா. "எங்க பக்கம் பஸ் எப்ப வரும்னு பஸ்காரனுக்கே தெரியாது. ரூம் இல்லன்னா படிப்பே வேணாம்னு கூட்டிட்டுத்தான் போகணும்."

துர்கா வாளியைக் கீழே வைக்கவே இல்லை.

சத்தம் கேட்டு நசீர் சார் வந்தார். "சிஸ்டத்துல தப்பு இல்லம்மா. டெஸ்ட் பண்ணித்தான் விட்டோம். இதோ, வீரையா அண்ணனே ஓகே சொன்னாரு."

காலையில்தான் சாமி முன்னால் விழுந்து கும்பிட்டுவிட்டு வந்திருந்தேன். இப்போது அந்த அம்மாவை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"சார், நானும் அந்த டிக்கப் பாத்து முடிஞ்சிருச்சுன்னு எந்திரிச்சவன்தான். கால் மரத்துச்சுன்னு பொய் சொன்னேன். அத்தன பேர் முன்னால வெக்கமா இருந்துச்சு."

ஷாமினி மெல்லச் சொன்னாள்: "எனக்கு அப்பவே சந்தேகம் அங்கிள். நீங்க ஓகேன்னதும் விட்டுட்டேன்."

இதே மாதிரி பாதியில் நின்றவர்கள் யார் யார் என்று அவள் தேடினாள். பிரிண்டரில் ஒரு பக்கம் முடிந்து அடுத்த பக்கமும் வந்தது.

"என்னாண்ணே நீங்க!" நசீர் சாருக்கு முகம் சிவந்துவிட்டது. "தெரியலன்னு சொல்றதுக்குத்தானே உங்கள உக்கார வச்சேன்! தெரிஞ்ச மாதிரி நடிக்கிறதுக்கு எங்கிட்ட ஆளா இல்ல?"

ஆனால் அந்தப் பட்டியலின் அடியில், இது மாணவர்கள் தப்பு அல்ல, எங்கள் பிரிவின் தப்பு என்று எழுதித் தன் கையெழுத்தைப் போட்டார். விடுதி ஆபீசுக்கு அவரே நடந்தார். நானும் பின்னாலேயே போனேன். உள்ளே நீண்ட நேரம் பேச்சு. பெயின்ட் அடிக்க மூடி வைத்திருந்த பழைய பிளாக்கை அன்று சாயங்காலமே திறந்தார்கள். ஸ்டோரிலிருந்து கட்டில்களைத் தூக்கிப் போட்டவர்களில் நானும் ஒருவன். துர்கா தன் கட்டிலுக்கடியில் வாளியைத் தள்ளி வைத்ததைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அந்த அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். "நல்லா இருக்கணும்ணே நீங்க."

"ஐயோ, தப்பு பண்ணதே நான்தாம்மா."

"தெரியும்ணே, நானும் அங்கதான நின்னேன். வாயத் தொறந்தீங்கல்ல?"

அந்த வெள்ளிக்கிழமை கோயிலில் எனக்கு வேண்டிக்கொள்ள எதுவும் வரவில்லை. நன்றி மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

ஷாமினி இரண்டு பட்டனையும் ஒன்றாக்கினாள். டெஸ்ட் ஃபாரத்தையும் மாற்றினாள். 'சிக்கல் இல்லை' என்ற கட்டத்தை எடுத்துவிட்டு, 'எங்கே புரியவில்லை?' என்று ஒரு பெரிய கட்டம் போட்டாள்.

இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். தெரியாததைத் தெரியாது என்று சொல்வதும் நமக்குக் கொடுத்த வேலைதான். அதை மறைத்தால், முகம் தெரியாத யாரோ ஒரு பிள்ளை வாளியோடு நிற்கும்.

நான் வேலையை விட்டு வந்த நாள்வரை, அந்தக் கட்டத்தை ஒருமுறைகூடக் காலியாக விட்டதில்லை.