மடியில் பீடித்தட்டு

கடையம் பக்கம் முதியோர் கல்விக்கு ஆள் சேர்க்கப் போயிருந்தேன். ஒரு வாசலில் பீடித்தூள் நெடி மூக்கில் ஏறியது. தும்மி முடிப்பதற்குள் எங்கள் பழைய தெருவுக்குப் போய்விட்டேன்.

அப்போதும் இதே திட்டம்தான், பெயர் வேறு. சாயங்காலம் எங்கள் வீட்டில் வகுப்பு நடக்கும். அம்மாவும் தெருப் பெண்களும் மடியில் பீடித்தட்டோடு வந்து உட்காருவார்கள். சர்க்கார் கொடுத்த சிலேட்டுகள் சுவரோரம் அப்படியே கிடக்கும். பாடம் எடுக்கும் அக்கா எழுத்து அட்டையைத் தூக்கிப் பிடிப்பாள். இவர்கள் இலையைச் சுருட்டிக்கொண்டே வாசிப்பார்கள். குற்றாலம், பாவூர்சத்திரம் என்று அம்மா பஸ் போர்டெல்லாம் வாசிக்கப் பழகிவிட்டாள்.

பரீட்சை வைக்க வந்த அதிகாரி பேரை எழுதச் சொன்னார். அம்மாவின் விரல்கள் சிலேட்டுக்குச்சியைப் பீடி மாதிரி உருட்டிக்கொண்டே இருந்தன. எழுத வரவில்லை.

"கை என்னைக்கு சார் சும்மா இருந்துது?" என்றாள்.

அவர் 'எழுதப் படிக்கத் தெரியாதவர்' என்று குறித்துக்கொண்டு போனார்.

இங்கே வாசலில் பீடி சுற்றிக்கொண்டிருந்தவளை வகுப்புக்குக் கூப்பிட்டேன்.

"வாரேன் டீச்சர். தட்டையும் கொண்டாரலாம்லா?"

"கொண்டு வாங்க" என்றேன். அவள் கை இலையைச் சுருட்டிக்கொண்டேதான் இருந்தது. வகுப்பில் சேருகிறவர்களுக்குக் கொடுக்கச் சொல்லித் தந்திருந்த பேனாவைப் பையிலிருந்து எடுக்கவேயில்லை.