ஜெரூஷா வாட்டர் சப்ளை

பம்மல் சாலமோன் ஆறாவது வரைக்கும்தான் படித்தவர். தோல் கம்பெனி லாரியில் கிளீனராக ஏறி, டிரைவராகி, நாற்பத்தாறு வயதில் சொந்தமாக ஒரு பழைய தண்ணி லாரி வாங்கினார். வாங்கின மறுநாளே பெயிண்டரைக் கூப்பிட்டு, தொட்டியின் இரண்டு பக்கமும் மகள் பெயரை எழுத வைத்தார்: ஜெரூஷா வாட்டர் சப்ளை. வேங்கைவாசல் பக்கம் மோகன்ராஜ் என்பவரின் போர்வெல்லில் தண்ணீர் பிடித்து, மேடவாக்கத்தில் இருநூறு வீடு உள்ள ஒரு அபார்ட்மெண்டில் தினம் நாலு லோடு இறக்குவார். ஆறு வருஷமாக அதுதான் பிழைப்பு.

இந்த மே மாதம் அந்த அபார்ட்மெண்டில் இரண்டு குழந்தைகளுக்கு மஞ்சள் காமாலை. மூன்றாம் நாள் அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு படம் வந்து விழுந்தது. தளும்பும் ஏரி, கரையில் ஒரு லாரி, அதன் பின்னாலிருந்து தண்ணிக்குள் இறங்கும் குழாய். தொட்டி மேல் கொட்டை எழுத்தில் ஜெரூஷா வாட்டர் சப்ளை. கீழே, "உங்கள் பிள்ளைகள் குடிப்பது இந்தச் சாக்கடையைத்தான். டாக்டரே சொல்லிவிட்டார். இதை அழிப்பதற்குள் எல்லோருக்கும் அனுப்புங்கள். அனுப்பாதவர் பெற்றோரே அல்ல."

மறுநாள் காலை லாரியைக் கேட்டிலேயே மறித்துவிட்டார்கள். செக்யூரிட்டிதான் தன் போனில் படத்தைக் காட்டினார்.

சாலமோன் போனைக் கையில் வாங்கினார். பிறகு உற்றுப் பார்த்தார். தண்ணி லாரியை மேல் மூடி வழியாகத்தான் நிரப்புவார்கள். பின்வால்வு தண்ணீர் விடுவதற்கு. ஏரியிலிருந்து இழுக்க அவர் வண்டியில் பம்பே கிடையாது. அதுவும் மே மாதத்தில் இந்தப் பக்கம் எந்த ஏரி தளும்புகிறது? அந்தப் பெயரைப் பார்த்ததும்தான் அவருக்கு எரிச்சலில் சிரிப்பு வந்தது. படத்து லாரியின் பக்கவாட்டில் ஒரு இரும்பு ஏணி. எழுத்து ஏணிக்குப் பின்னால் போகாமல், கம்பியையே மறைத்து நிற்கிறது. எந்தப் பெயிண்டர் காற்றில் எழுதுவான்? எவனோ போனில் ஒட்டியிருக்கிறான். எழுதியிருந்ததும் அப்படித்தான். எந்த டாக்டர், எந்த ஏரி, எந்தத் தேதி, ஒன்றுமில்லை. சீக்கிரம் அனுப்பு என்பது மட்டும் இருக்கிறது. சேஸிஸ் விரிசல் விட்ட வண்டியை விற்க வரும் புரோக்கர், இன்னைக்கே முடிங்க, வேற பார்ட்டி காத்துக்கிடக்கு என்று அவசரப்படுத்துவானே, அதே பேச்சு.

போன வருஷம் பம்மலில் ஒரு தள்ளுவண்டி பிரியாணிக்காரரைப் பற்றி, பூனைக்கறி என்று ஒரு படம் வந்தது. டிரைவர்கள் குரூப்பில் அதைப் போட்டவர் இதே சாலமோன். அன்றைக்கு அந்தப் படத்தை அவர் இப்படி உற்றுப் பார்க்கவில்லை. இரண்டே மாதத்தில் அந்த வண்டி காணாமல் போனது. கேட் வாசலில் நிற்கும்போது அந்த ஆள் முகம் ஞாபகம் வந்து தொலைத்தது.

குரூப்பில் படத்தைப் போட்ட அபார்ட்மெண்ட் சங்கச் செயலாளர் சிவகுமாரைப் போய்ப் பார்த்தார். பம்பு, ஏரி, ஏணி எல்லாவற்றையும் விரல் வைத்துக் காட்டினார். சிவகுமார் படித்தவர், உடனே புரிந்துகொண்டார். புரிந்ததுதான் வம்பு.

"நான் ஒண்ணும் எழுதல சாலமோன். வந்ததை வந்தபடி போட்டேன். கீழயே அப்படித்தான் சொல்லியிருக்கேன், பாருங்க."

"நானும் சாக்கடையை வந்தபடி ஊத்திட்டேன்னா உட்ருவீங்களா சார்?"

அவர் முகம் சுண்டிப்போனது. குரூப்பிலிருந்து படத்தை எடுத்துவிடுகிறேன் என்றார். பொய் என்று ஒரு வரி போடச் சொன்னதற்கு, மறுபடி அதைக் கிளறினால் சனங்கள் பயப்படுவார்கள் என்று எழுந்துவிட்டார். படத்தை எடுத்தார். அதற்குள் அது தாம்பரம் முழுக்கச் சுற்றிவிட்டது. முகம் தெரியாதவனெல்லாம் நம்பரைத் தேடிப் பிடித்து போன் செய்து அம்மா அக்காவை இழுத்துத் திட்டினான்.

பத்து நாள் கழித்து அபார்ட்மெண்டின் சொந்த சம்ப்பிலேயே, அந்த நிலத்தடித் தொட்டியிலேயே விரிசல் என்று தெரிந்தது, பக்கத்துச் சாக்கடை அதில் கசிந்திருக்கிறது. சத்தமில்லாமல் பூசினார்கள். குரூப்பில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மோகன்ராஜிடம் மட்டும் மறுபடி லோடு கேட்டார்கள். மோகன்ராஜ் சாலமோனைக் கூப்பிட்டு, பெயரை அழித்துவிட்டு வந்தால் பழையபடி நாலு லோடு, இல்லையென்றால் வேறு வண்டி என்றார். அழிக்க மாட்டேன், அழித்தால் தப்பு செய்தேன் என்று ஆகிவிடும் என்று சாலமோன் முறைத்துக்கொண்டு வந்துவிட்டார்.

அன்று சாயங்காலம் ஜெரூஷா காலேஜிலிருந்து வந்து பையைக்கூட இறக்கவில்லை.

"அப்பா, லாரியில என் பேரை அழிச்சிடுங்க."

"நீயுமா நம்புற?"

"பொய்னு தெரியும்பா. ஆனா கிளாஸ்ல எல்லாரும் வாட்டர் சப்ளைன்னுதான் கூப்பிடுறாங்க. எத்தனை பேர்கிட்ட ஏணியைக் காட்டிகினு இருப்பேன்?"

மறுநாள் சாலமோன் ஒரு டப்பா நீலப் பெயிண்ட் வாங்கினார். பெயிண்டரைக் கூப்பிடவில்லை, தானே அடித்தார். ஒரு பூச்சில் மறையவில்லை. மூன்று பூச்சு ஆனது.

திங்கட்கிழமை கேட் திறந்தது. சிவகுமார் கீழே வந்து, லாரியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இப்போ நல்லா இருக்கு என்றார். போனை எடுத்தார். புது வண்டி ஏற்பாடு பண்ணியாச்சுன்னு குரூப்பில் போடணும் என்றார்.

"இது அதே வண்டிதான் சார். அதே போர்த் தண்ணி."

"அது நமக்குத் தெரியும். கொஞ்சம் தள்ளி நில்லுங்க சாலமோன், படத்துல மூஞ்சி விழுது."

ஓஸ் குழாய் சம்ப்புக்குள் கொட்டிக்கொண்டிருந்தது. இன்னும் மூன்று லோடு பாக்கி. சாலமோன் தள்ளி நின்றார்.