முருகன் படத்துக்குப் பின்னால் ஒரு படிவம்

போன செவ்வாய்க்கிழமை மதியம். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடை. நல்ல கூட்டம். கடைசி மேசையில் ஒருவர் மட்டும் சுவரைப் பார்த்தபடி தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முதுகைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது... சேகர் அண்ணன்!

கிள்ளானில் மணவறை அலங்காரம் செய்தவர். என் கல்யாணத்துக்கும் அவர்தான் மணவறை போட்டார். ஐந்து வருடமாக ஆளையே காணோம். பத்திரிகை வைத்தாலும் எந்த விசேஷத்துக்கும் வருவதில்லை. 'மனுஷன் மாறிட்டார்' என்று நானும் நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன். நரம்பில்லாத நாக்குதானே!

எதிரில் போய் உட்கார்ந்தேன். திடுக்கிட்டுப் போனார். சோற்றைப் பிசைந்தபடியே, "தம்பி, நான் பேங்க்ரப் ஆயிட்டேன்" என்றார். பக்கத்து மேசைக்குக் கேட்டுவிடுமோ என்று குரலை அவ்வளவு தாழ்த்தி.

கோவிட் காலத்தில் கல்யாணங்கள் நின்றன. லோரிக்கும் சாமானுக்கும் வாங்கிய கடன் நிற்குமா? கோர்ட் உத்தரவு வந்தது. வீடு போனது. மனைவி முன்பே காலமாகிவிட்டார். இப்போது கிள்ளானில் ஒரு வாடகை அறை, பூச்சோங்கில் ஒரு கிடங்கில் வேலை.

"சிங்கப்பூர்ல இருக்கிற மகளுக்குத் தெரியுமா?"

"சொல்லல. வாங்கப்பான்னு கூப்பிடுவா... கால் வலின்னு சொல்லுவேன். அவளே வரேன்னு சொன்னா, வீட்ல ரிப்பேர் நடக்குது, இப்ப வராதேம்மான்னு சொல்லிடுவேன்."

"அஞ்சு வருஷமாவா ரிப்பேர்?"

இலையை மடித்தார். மகளும் இப்போதெல்லாம் மாதம் ஒருமுறைதான் போன் செய்கிறாளாம். நாலு மாதப் பேரனைப் போட்டோவில்தான் பார்த்திருக்கிறார்.

"திவால் இலாகாவுக்குப் போய்க் கேட்டீங்களா அண்ணே?"

"போனா புடிச்சு உள்ள போட்டுட மாட்டாங்களா? வேணாம்லா தம்பி!"

மறுநாள் அவருடைய அறைக்குப் போய், இலாகாவிலிருந்து ஏதாவது கடிதம் வந்ததா என்று கேட்டேன். சுவரில் முருகன் படம். அதன் பின்னால் கைவிட்டு ஒரு பழுப்பு உறையை எடுத்தார். உள்ளே இலாகா அனுப்பிய படிவம். என்ன சொத்து, எவ்வளவு கடன், என்ன வருமானம் என்று நிரப்பிக் கொடுக்க வேண்டியது. உறை மேல் விபூதி மட்டும் பூசியிருந்தது. படிவத்தில் ஒரு வரி கூட எழுதவில்லை.

"சாமி பாத்துக்குவாருன்னு வெச்சேன்."

வேறு யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். நம் வீடுகளில் பரீட்சை ஹால் டிக்கெட்டிலிருந்து ஸ்கேன் ரிப்போர்ட் வரை சாமி படத்துக்குப் பின்னால்தானே போகிறது? அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று மாலை இருவருமாக உட்கார்ந்து நிரப்பினோம். வியாழக்கிழமை காலை இலாகாவில் நம்பர் எடுத்துக் காத்திருந்தோம். கவுண்டரில் இருந்த மலாய்க்காரப் பெண் அவரை 'பாக்சிக்' என்று மாமா முறை வைத்து அழைத்துப் பொறுமையாக விளக்கினார். திவால் ஆவது குற்றமல்ல. அதற்காக ஜெயில் கிடையாது. வேலை பார்க்கலாம். சம்பளத்தில் செலவு போக ஒரு தொகையைக் கட்டி வர வேண்டும். கம்பெனி டைரக்டராக இருக்க முடியாது. வெளிநாடு போவதென்றால் அனுமதி கேட்டு மனு போட வேண்டும்.

"இதுலேருந்து எப்ப வெளிய வரலாம்?" என்று கேட்டார் அண்ணன்.

அந்தப் பெண் படிவத்தைத் தொட்டுக் காட்டினார். இதைக் கொடுத்த நாளிலிருந்துதான் மூன்று வருடக் கணக்கே ஆரம்பிக்கிறதாம். கட்ட வேண்டியதை ஒழுங்காகக் கட்டினால் அதன்பின் விடுவிப்பு.

அதாவது... படிவம் வந்த அன்றைக்கே கொடுத்திருந்தால் இந்நேரம் அவர் சுதந்திர மனிதராக இருந்திருக்கலாம். அந்தப் பெண்ணுக்கும் அது புரிந்திருக்க வேண்டும். ஸ்டாம்ப் குத்துவதில் கவனமாகிவிட்டார். எனக்கு என் மேல்தான் கோபம். 'ஏண்ணே வர்றதில்ல?' என்று கேட்க ஐந்து வருடத்தில் ஒரு போன் செய்திருக்கிறேனா?

வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து மகளுக்குப் போன் போட்டார். நான்தான் ஸ்பீக்கரில் வைத்துப் பிடித்துக்கொண்டேன். எல்லாவற்றையும் சொன்னார்.

"ஏம்ப்பா இத்தனை நாள் சொல்லல? நான் உங்களுக்கு வேண்டாதவளாயிட்டேன்னு நெனச்சேன்..." விசும்பினாள். "தடை உங்களுக்குத்தானே? எனக்கு இல்லல்ல? சனிக்கிழமை புள்ளையத் தூக்கிட்டு பஸ்ல வரேன். அட்ரஸ் அனுப்புங்க."

போன் வைத்த பிறகும் அண்ணன் எழுந்திருக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ரூம்ல ஒரே ஒரு நாற்காலிதான் கெடக்கு தம்பி. அவ வந்தா எதுல உக்காருவா?" என்றார்.

திவால் சட்டத்தில் எத்தனையோ தடைகள் இருக்கின்றன. மகள் வந்து அப்பாவைப் பார்க்கக் கூடாது என்று மட்டும் அதில் எங்கேயும் இல்லை!