ஆக்டோபஸுக்குப் பின்னால் வருபவர்கள்

இடது கை யாரோ ஒருவருடைய கோட்டுப் பைக்குள் துழாவிக்கொண்டிருக்கிறது. வலது கைக் கட்டைவிரல் கைப்பேசியில் மேலும் கீழும் ஓடிக்கொண்டிருக்கிறது. கோட்டிலிருந்து ஒரு சினிமா டிக்கெட்டும் பாதி தின்ற மிட்டாயும் கிடைக்கின்றன. கைப்பேசியிலிருந்து, ஆக்டோபஸுக்கு மூன்று இதயம் என்ற செய்தி கிடைக்கிறது. மிட்டாய் குப்பைக்கூடைக்குப் போகிறது. ஆக்டோபஸ் குடும்பக் குழுவுக்குப் போகிறது.

"எதையும் கையை விட்டுப் பாக்காம விடமாட்டேன். தொழில் புத்தி" என்பாள் சலவைக்கடை அக்கா. வருகிறவர்களின் உடுப்பை வாங்கி, பைகளைச் சோதித்து, கறை எதனால் ஆனது என்று கேட்டு, அடையாளச் சீட்டைக் குத்தி உள்ளே அனுப்புவது அவள் வேலை. உள்ளே நீராவி இஸ்திரி சீறிக்கொண்டே இருக்கும். பையில் கிடைப்பதை உரியவரிடம் சேர்ப்பதில் அவள் மகா கண்டிப்பு. ஒற்றைப் பொத்தானுக்காக ஒருவரைத் தெருமுனை வரை துரத்திப் பிடித்தவள். இணையத்தில் கிடைப்பதையும் உரியவரிடம் சேர்க்கவேண்டும் என்று நினைப்பதில்தான் வம்பு. அங்கே உரியவர்கள் என்று அவள் கருதுவது எல்லோரையும்.

குடும்பக் குழுவுக்கு 'திருக்குடும்பம்' என்று பெயர் வைத்ததும் அவள்தான். காலையில் அன்றைய புனிதர் வருவார். பின்னாலேயே சட்டையில் பட்ட மைக்கறையைப் போக்கும் வழி வரும். அதன்பின், பூநாரைக் குஞ்சுகள் பிறக்கும்போது சாம்பல் நிறம் என்ற தகவல். கணவர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்புவார். படித்தீர்களா என்று கேட்டால், "நல்லாருந்துச்சு" என்பார். எது நல்லாயிருந்தது என்று கேட்டால் டிவி சத்தத்தைக் கூட்டிவிடுவார்.

தன் கிறுக்கு அவளுக்குத் தெரியாததல்ல. அவளைப் பற்றிய கேலிகளில் பாதி அவளே கட்டிவிட்டவை. 'பிள்ளைகள் பேசும்போது காதுகொடுத்துக் கேட்பது எப்படி' என்ற கட்டுரையில் மூழ்கியிருந்த நேரத்தில் மகள் ஏதோ சொல்ல வந்தாளாம். "கொஞ்சம் இருடீ, முக்கியமான விஷயம் படிக்கிறேன்" என்று கையமர்த்தினாளாம். இதை அவளே கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பாள். படிக்காமலே பிறருக்கு அனுப்புவது பொய் சொல்வதில் சேருமா என்று செய்த பாவங்களை ஃபாதரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தில் ஒருமுறை கேட்டாள். கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து ஃபாதர் சொன்னார்: "மொதல்ல எனக்கு அனுப்புறத நிறுத்துங்கம்மா."

சிரிப்பு வராத விஷயம் ஒன்று உண்டு. மகளுக்கு ஆண்குழந்தை பிறந்திருக்கிறது. இன்னும் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. மாப்பிள்ளை லிப்ட் மெக்கானிக். கோயிலுக்குப் போகவும் மாட்டார், போகிறவர்களைத் தடுக்கவும் மாட்டார். மேலே போவதும் கீழே வருவதும் அவரைப் பொறுத்தவரை கம்பியும் மோட்டாரும் சம்பந்தப்பட்டவை. மகள்தான் பிடிவாதமாக இருந்தாள். "அவன் வளரட்டும்மா. வேணும்னா அவனே கேப்பான்." பிள்ளையைப் பார்க்கப் போன முதல் தடவையே அம்மா சாப்பாட்டுக்கு முன் ஒருமுறையும் பின் ஒருமுறையும் அந்தப் பேச்சை எடுத்தாள். மகள் கைகழுவிவிட்டு வந்து, "இன்னொரு வாட்டி இதப் பேசினீங்கன்னா நான் குரூப்ப விட்டே போயிடுவேன். நீங்களும் இங்க வரவேண்டாம்" என்றாள். குரல் உயரவில்லை. அதுதான் அம்மாவைப் பயமுறுத்தியது.

அதற்குப் பிறகு நேரடியாகப் பேசவில்லை. சுற்றி வளைத்தாள். முதலில் ஆக்டோபஸ், பிறகு கனசதுரமாகச் சாணம் போடும் ஒரு விலங்கு, அதற்குப் பின்னால், தற்செயலாக வந்ததுபோல, 'ஆண்குழந்தைகளுக்கு அழகிய புனிதர் பெயர்கள்'. தன் சாமர்த்தியத்தை நினைத்து அவளுக்கே பெருமை தாங்கவில்லை. மகளிடமிருந்து ஒரே ஒரு பதில் வந்தது: "அம்மா, ஆக்டோபஸுக்குப் பின்னாடி யார் வர்றாங்கன்னு எனக்குத் தெரியும்."

குட்டு வெளிப்பட்டதும் கொஞ்சம் அடங்கினாள். ஆனால் விதி, அல்லது அவள் கட்டைவிரல், சும்மா இருக்கவில்லை.

அவர்கள் கோயில் பங்கில் யார் இறந்தாலும் பங்குக் குழுவில் முதல் இரங்கல் அவளுடையது. அதனால் அவள் கைப்பேசி இறந்தவர்களுக்கான செபத்தை மனப்பாடம் செய்து வைத்திருந்தது. 'நி' என்று தட்டினால் போதும், மீதியைத் தானே எடுத்துக்கொடுக்கும். ஒருநாள் மதியம் மகள் ஒரு படம் அனுப்பினாள். பல இரவுகள் பிள்ளையோடு விழித்திருந்த மாப்பிள்ளை தரையில் மல்லாந்து கிடக்கிறார். கழுத்துவரை வெள்ளைப் போர்வை, மார்பில் கூப்பியதுபோல் கைகள், லேசாகத் திறந்த வாய். கீழே "ஒருவழியா" என்று ஒற்றைச் சொல். அம்மா மனம் இளகி, 'நிம்மதியா தூங்கட்டும்' என்று எழுத நினைத்தாள். எதிரே ஒருவர் தன் சட்டைக் கறை காப்பியா குழம்பா என்று வாதாடிக்கொண்டிருந்தார். அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டே விரல் தட்டியது. போய்ச் சேர்ந்தது வேறு: "நித்திய இளைப்பாற்றியை இவருக்கு அளித்தருளும் ஆண்டவரே."

இந்த வரியைக் கேட்டால் அடுத்த வரியைச் சொல்லாமல் இருக்க எங்கள் ஆட்களால் முடியாது. அவளுடைய கூடப்பிறந்த அக்கா, படத்தைக்கூடப் பார்க்காமல், "முடிவில்லாத ஒளி இவர்மேல் ஒளிர்வதாக" என்று பதில் போட்டாள். அக்கா புருஷன் ஆமென் போட்டார். அவர்கள் மகன், "எப்ப எடுக்குறாங்க?" என்று கேட்டான்.

அதற்குப் பிறகுதான் அக்கா படத்தைப் பார்த்தாள். அடுத்த நிமிஷம் கடைக்குப் போன் வந்தது.

"பாவி மகளே, சின்ன வயசாச்சேடீ!"

"அக்கா, அவரு தூங்குறாருக்கா."

"ஆமாடீ, ஆண்டவருக்குள்ள தூங்குறாரு."

"குறட்டை விட்டுத் தூங்குறாரு! நான்தான் தப்பாத் தட்டிட்டேன்!"

அதற்குள் சொந்தபந்தம் முழுக்க மகள் வீட்டுக்குப் போன் போட்டிருந்தது. மாப்பிள்ளை எழுந்துவிட்டார், பிள்ளை எழுந்துவிட்டது, பக்கத்து வீட்டு நாயும் எழுந்துவிட்டது. குழுவில் சாம்பல் நிறத்தில் ஒரு வரி தோன்றியது. மகள் வெளியேறிவிட்டாள்.

கறைக்காரர் சிரித்துக்கொண்டே போனார். அவள் ஒரு சட்டையில் இரண்டு சீட்டைக் குத்தினாள், ஒன்றில் குத்தவே இல்லை. மகள் பிள்ளையை இனி கண்ணில் காட்டமாட்டாள் என்று தோன்றியது. உலகத்துக்கெல்லாம் குடும்ப ஒற்றுமைக்கு யோசனை அனுப்பியவள், இருந்த ஒரு மகளையும் விரட்டிவிட்டோமே என்று தன்னையே திட்டித் தீர்த்தாள்.

கடை அடைக்கும் நேரத்தில் மாப்பிள்ளை கூப்பிட்டார்.

"அத்தை, நான்தான். உயிரோடதான் இருக்கேன்."

"ஐயோ மாப்பிள்ளை, மன்னிச்சிடுங்க..."

"அத விடுங்க. அர்த்தம் கேட்டேன், அவ சொன்னா. ஏன் அத்தை, செத்தாத்தான் உங்க சாமி ரெஸ்ட் குடுப்பாரா? இங்க ரெண்டு பேருக்கும் இப்பவே வேணும். நீங்க வாங்களேன்."

பின்னாலிருந்து மகள் போனைப் பிடுங்கும் சத்தம் கேட்டது. அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று புரியவில்லை. "வாங்கம்மா. என்னால முடியல. ஆனா அந்தப் பேச்சு வேண்டாம்."

"வாயத் தொறக்கமாட்டேன்டீ" என்றாள் அம்மா.

மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். வழியெல்லாம் கைப்பேசி பைக்குள்ளேயே இருந்தது என்று சொல்ல ஆசைதான். பாதி வழியில் எடுத்துவிட்டாள். எடுத்ததும் கண்ணில் பட்டது, ஆபத்து வேளையில் சாமியார் இல்லாவிட்டால் யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்ற செய்தி. நெற்றியில் கொஞ்சம் தண்ணீரும் சில வார்த்தைகளும் போதும். அவள் யாருக்கும் அனுப்பாமல் தனக்கென்று வைத்துக்கொண்ட ஒரே செய்தி அதுதான்.

மகள் பிள்ளையை அவள் கையில் கொடுத்தாள். எப்போது பால், எப்படித் தட்டவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே கண் சொருகியது. புருஷனும் பெண்டாட்டியும் அறைக்கதவைக்கூடச் சாத்தாமல் தூங்கிப்போனார்கள். வீட்டில் விழித்திருந்தவர்கள் அவளும் பேரனும்தான்.

பால் குடித்த பிள்ளை ஏப்பம் விட்டு, கொஞ்சம் கக்கியது. துடைப்பதற்காகச் சமையலறைக்குத் தூக்கிப்போனாள். குழாயைத் திறந்து கையில் தண்ணீர் பிடித்தாள். குளிர்ச்சியாக இல்லை, இதமாகவே இருந்தது. வாயைத் திறக்கமாட்டேன் என்றுதானே சொன்னோம், மனத்துக்குள் சொன்னால் செல்லுமா என்று யோசித்தாள். ஆபத்து வேளை என்று போட்டிருந்ததே, இங்கே என்ன ஆபத்து என்றும் யோசித்தாள். பிள்ளைக்கு ஏப்பம் வந்ததைத் தவிர எதுவும் தேறவில்லை. ஆனாலும் ஆசையாக இருந்தது. ஒரு பிடி தண்ணீர், ஒரு மூச்சு நேரம், யாருக்குத் தெரியப்போகிறது?

உள்ளே மகள் புரண்டு படுத்தாள். விழிக்கவில்லை. பிள்ளை தலையைப் பின்னால் சாய்த்து, நெற்றியை ஏந்திக் காட்டியதுபோல் அண்ணாந்து அவளைப் பார்த்தது.

அவள் உள்ளங்கைத் தண்ணீரைத் தொட்டியிலேயே கவிழ்த்தாள். ஈர விரலை நெற்றிப் பக்கம் கொண்டுபோகாமல், தாடையில் வழிந்த பாலை மட்டும் துடைத்துவிட்டு, முழங்கையால் குழாயை மூடினாள்.