என் முட்டை, அவள் முட்டை

எனக்கு ஒன்பது வயதானபோது சித்தி மகள் ஒரு துணிப்பையோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். என்னைவிட ஒரு வயது சின்னவள். சபாக்கில் இருந்த சித்தி பல மாதங்களாக ஆஸ்பத்திரியில் கிடந்தார். முதலில் அவளைச் சுங்கை பஞ்சாங்கில் அவளுடைய அத்தை வீட்டில் விட்டிருந்தார்கள். அங்கே சரிப்படவில்லை என்று நாங்கள் குடியிருந்த தோட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள். இரண்டு நாள் விருந்தாளி என்றால் நானும் நல்ல பிள்ளையாகத்தான் இருந்திருப்பேன். அவளோ ஒரே வாரத்தில், அம்மாவின் பக்கத்தில் நான் படுக்கும் இடத்தைப் பிடித்துக்கொண்டாள். காலையில் அம்மா முதலில் அவளுக்குத்தான் தலை சீவிவிட்டார். எனக்கு வயிறு எரிந்தது.

அந்தச் சமயத்தில் எங்கள் கறுப்புப் பெட்டை அடைக்கு உட்கார்ந்தது. அம்மா ஒரு பழைய கூடையில் காய்ந்த லாலான் புல்லைப் பரப்பி, இடிச் சத்தத்தில் முட்டை கெடாதிருக்க ஓர் ஆணியையும் போட்டு, பதினோரு முட்டை வைத்தார். மற்ற கோழிகள் அதே கூடையில் வந்து இட்டுவிட்டால் பிரித்தறிய, அடை முட்டைகளில் சாம்பிராணிக் கரியால் குறி போடுவது வழக்கம். அந்தத் தடவை எங்களையே போடச் சொன்னார். வட்டம் போட்டது எனக்கு, பெருக்கல் போட்டது அவளுக்கு. எனக்கு ஐந்து, அவளுக்கு ஆறு.

“அவ சின்னவ லா, விட்டுக் குடு” என்றார் அம்மா. விட்டுக் கொடுத்தேன். மனசார இல்லை.

ஏழாம் நாள் அம்மா குளியலறைக் கதவைச் சாத்திவிட்டு, அப்பாவின் கைப்பேசி விளக்கில் முட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தார். உயிர் பிடித்த முட்டைக்குள் சிவப்பு நரம்பு ஓடும். அவளுடைய ஆறிலும் ஓடியது. என்னுடைய ஐந்தில் மூன்று வெறுமையாக இருந்தன. மூன்று நாள் கழித்து இன்னொரு முறை பார்த்துவிட்டு எறியலாம் என்றார் அம்மா. கோழிக்குஞ்சுகூட இவள் பக்கம்தானா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

மறுநாள் பெட்டை தீனிக்கு இறங்கிய நேரம் பார்த்து, ஓட்டு நிறத்தால் அடையாளம் வைத்திருந்த அந்த மூன்று வட்டங்களையும் அவளுடைய மூன்று பெருக்கல்களையும் ஈரத்துணியால் துடைத்து, கரியால் மாற்றிப் போட்டேன். திருடுகிற பயமே எனக்கு இல்லை. என்னிடமிருந்து போனதில் கொஞ்சத்தைத் திரும்ப எடுக்கிறேன் என்றுதான் நினைத்தேன்.

பத்தாம் நாள் மறுபடி விளக்கடித்தபோது என் ஐந்திலும் நரம்பு ஓடியது. அவளுடையதில் மூன்று வெறுமை. அம்மா கதவைத் திறந்து, வெளிச்சத்தில் எங்கள் இருவரையும் பார்த்தார்.

“யாரு குறிய மாத்துனது?”

நான் வாய் திறப்பதற்குள் அவள் சொல்லிவிட்டாள். “நான்தான் பெரிம்மா. தெரியாம செஞ்சிட்டேன். என்னைய அத்த வீட்டுக்கு அனுப்பிடாதீங்க.”

தன் நல்ல முட்டைகளை அவளே ஏன் எனக்கு மாற்றித் தரவேண்டும் என்று அம்மா கேட்கவில்லை. குளியலறைப் படியிலேயே உட்கார்ந்து, அவளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். அம்மாவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்பதோ, மூன்று முட்டைக்காக ஒரு பிள்ளை ஏன் அப்படி நடுங்குகிறாள் என்பதோ எனக்கு அப்போது விளங்கவில்லை. நான் செய்த தப்பையும் இவளே எடுத்துக்கொண்டு அம்மாவின் மடியையும் வாங்கிக்கொண்டாளே என்றுதான் பொறாமையாக இருந்தது. அந்த மடிக்காகவாவது நான் முந்திக்கொண்டு உண்மையைச் சொல்லியிருக்கலாம் என்று அன்று முழுக்க வருத்தப்பட்டேன்.