உவன் என்று சொன்ன நாள்

எழுதப் பழகாதவள் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஊரில் ஓ.எல்., பத்தாம் வகுப்புப் பரீட்சை, வரைதான் படித்தேன். அதற்குப் பிறகு ஊருக்குக் கடிதம் எழுதியதோடு சரி. அந்தப் பாடகனைப் பற்றி விசயம் தெரிந்தவர்கள் எவ்வளவோ எழுதிவிட்டார்கள். அவனுடைய முதல் வெள்ளிச் சட்டையை யார் தைத்தது என்று அவற்றில் இல்லை. அதைச் சொல்லிப் பெருமைப்படுவதற்காகவும் இதை நான் எழுதவில்லை. அவனிடம் கேட்க வேண்டிய மன்னிப்பு ஒன்று என்னிடமே தங்கிவிட்டது.

தொண்ணூறுகளின் தொடக்கம். ரெக்ஸ்டேலில் ஒரு கட்டடத்தின் ஒன்பதாம் மாடியில் அண்ணை, அண்ணி, அவர்களுடைய இரண்டு பிள்ளைகளோடு இருந்தேன். என்னைக் கனடாவுக்கு எடுப்பித்தவர் அண்ணைதான். எனக்கு முப்பத்துமூன்று வயது, கலியாணமாகவில்லை, தையல் தொழிற்சாலையில் வேலை. சனிக்கிழமை காலைகளில் உடுப்புத் தோய்க்கக் கட்டடத்தின் அடியில் இருக்கும் பேஸ்மென்றுக்குப் போவேன். அங்கேதான் முதலில் அந்தக் குரலைக் கேட்டேன்.

தோய்க்கும் மெஷின் ஒன்றின் மேல் ஏறி இருந்து, கண்ணை மூடிக்கொண்டு, ஒருவன் ஆங்கிலத்தில் பாடிக்கொண்டிருந்தான். தமிழ்ப் பெடியன். தலைமயிர் தோளில் கிடந்தது. சொற்கள் எனக்கு விளங்கவில்லை. ஆனால் கையில் எடுத்த ஈரத் துவாயை எங்கே போடுவது என்று தெரியாமல் நின்றேன்.

என்னைக் கண்டதும் குதித்து இறங்கினான். "கரைச்சலோ அக்கா?"

"இல்லை, பாடுங்கோ."

"மேலை பாடினா ரூம்காரங்கள் தலாணியாலை எறியிறாங்கள். இஞ்சை சுவர் திருப்பிப் பாடுது. அதுதான்."

பிறம்ரனில் ஒரு கிட்டங்கியில் பெட்டி ஏற்றும் வேலை என்றான். அதற்குப் பிறகு ஒவ்வொரு சனியும் தோய்க்க உடுப்பு இல்லாவிட்டாலும் ஏதாவது எடுத்துக்கொண்டு இறங்குவேன். அவன் பெயரைக் கட்டடத்தில் எல்லோரும் சொல்லக் கேட்டிருக்கிறேன். நான் தம்பி என்பேன். அவனுக்கு நான் அக்கா. அவ்வளவுதான்.

ஒருநாள் ஒரு பழைய ஜக்கெற் சட்டையை என் கையில் வைத்தான். "அக்கா, உதிலை மினுங்கல் வைச்சுத் தருவீங்களோ? மேடையிலை நிண்டா லைற் பட்டுத் தெறிக்கவேணும்."

அண்ணி கழித்துவிட்ட சேலையின் வெள்ளிச் சரிகைக் கரையை வெட்டி எடுத்தேன். வீட்டில் தெரியக்கூடாது என்று, மெஷின்கள் சுழலும் நேரத்தில் அங்கேயே இருந்து நான்கு சனிக்கிழமைகள் கையால் தைத்தேன். கொலர் முழுக்க இரட்டைத் தையல். முடித்த அன்று என் கண்மையையும் கேட்டு வாங்கிப் பூசினான்.

"பெட்டை மாதிரி இருக்கோ?"

"இல்லை. சூரன்போரிலை வாற சூரன் மாதிரி இருக்கு."

"ஐயோ அக்கா, சூரனெண்டாத் தலை போயிடுமே!"

"பிறகு மயிலா வரலாம்தானே."

மெஷினைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நானும் சிரித்தேன். கனடா வந்து அப்படிச் சிரித்தது குறைவு.

எங்கள் ஆட்கள் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் வைத்த புதுவருட நிகழ்ச்சியில்தான் அந்தச் சட்டையோடு முதலில் பாடினான். குதி உயர்ந்த சப்பாத்து, மை தீட்டிய கண். பின்னால் இருந்து ஒருவர், "உது தம்பியோ, தங்கச்சியோ?" என்று கத்தினார். மண்டபமே சிரித்தது. "எங்கடை மானத்தை வாங்குதுகள்" என்றார் பக்கத்தில் இருந்த அண்ணை. நான் கைதட்டவில்லை. சேலைத் தலைப்புக்குள் கையைக் கையால் பிடித்துக்கொண்டிருந்தேன். ஆனால் இரண்டாவது பாட்டில் பின்வரிசைப் பிள்ளைகள் எல்லாம் எழுந்து நின்று ஆடத் தொடங்கினார்கள்.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. நகரத்து மதுச்சாலைகளில் பாடினான். வெள்ளைக்காரப் பிள்ளைகள் அவனைப்போல் கண்ணுக்கு மை போட்டுக்கொண்டு வரிசையில் நின்றார்களாம். ஆங்கிலப் பத்திரிகையில் படம் வந்தது. தொழிற்சாலை ரேடியோவில் அவன் பாட்டுப் போக, பக்கத்து மெஷின் போர்த்துக்கீசப் பெண் கூடவே முணுமுணுத்தாள். எனக்கு அவனைத் தெரியும் என்று சொல்ல வாய் வரை வந்தது. குனிந்து அடுத்த துணியை எடுத்தேன்.

அந்த வருடம் ஒரு ஞாயிறு பின்னேரம் நானும் அண்ணையும், அண்ணையோடு வந்த கோயில் நிர்வாகத்து அங்கிள் ஒருவரும் கீழே லிப்ற்றுக்கு நின்றோம். கட்டடத்து வாசல் கதவு திறந்தது. வெள்ளிச் சட்டை, முகம் நிறையப் பூச்சு. எங்கேயோ படப்பிடிப்பில் இருந்து நேரே வந்திருக்கிறான். என்னைக் கண்டதும் ஓடி வந்தான்.

"அக்கா! அக்கா, நாளைக்கு ரீவியிலை..."

அங்கிள் அண்ணையைப் பார்த்தார். அண்ணை என்னைப் பார்த்தார். "உவனை உனக்குத் தெரியுமோ? உன்னை அக்கா எண்டு கூப்பிடுறான்?"

"உவனை எனக்குத் தெரியாது அண்ணை" என்றேன்.

அவன் ஓர் அடி பின்னால் வைத்தான். பிறகு ஆங்கிலத்தில், "சொறி மாம்" என்றான். லிப்ற் வந்தது. நாங்கள் ஏறினோம். அவன் ஏறவில்லை.

பள்ளிக்கூடத்தில் சுட்டெழுத்து அ, இ, உ என்று படித்தோம். மற்ற ஊர்களில் உகரத்தை விட்டுவிட்டார்களாம். எங்கள் பேச்சில் இன்னும் இருக்கிறது. இவன் என்றால் என் பக்கத்தில் நிற்பவன். அவன் என்றால் தூரத்தில் இருப்பவன். உவன் என்றால் இரண்டுக்கும் நடுவில், கண்ணுக்கு முன்னால் நின்றாலும் எனக்குச் சொந்தமில்லாதவன். தெரியாது என்றதை அவன் மன்னித்திருக்கக்கூடும். என் வீட்டு நிலைமை அவனுக்குத் தெரியும். அந்த உ-வைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

அடுத்த மாதம் அவன் கட்டடத்தை விட்டுப் போய்விட்டான். சனிக்கிழமைகளில் மெஷின் சத்தம் மட்டும் இருந்தது.

மூன்று வருடம் கழித்து, யங் ஸ்ரீற்றில் ஒரு இசைத்தட்டுக் கடையில் அவன் கையெழுத்துப் போட வருகிறான் என்று சுரங்க ரயில் நிலையத்தில் பெரிய படம் ஒட்டியிருந்தார்கள். பனிக்காலத்து ஞாயிறு. கோட்டும் காதை மூடிய தொப்பியுமாக, பிள்ளைகளுக்கு நடுவில் இரண்டு மணித்தியாலம் நின்றேன். "தம்பி, அண்டைக்கு நான் சொன்னது பெரிய பிழை." இதை மனதுக்குள் சொல்லிச் சொல்லி நகர்ந்தேன்.

மேசைக்கு முன்னால் வந்ததும் கொலரைத்தான் பார்த்தேன். என் சரிகை. கறுத்துப்போயிருந்தது, ஆனால் ஒரு தையல் பிரியவில்லை. அவன் தலை குனிந்தபடி, ஆருக்கு எழுத வேண்டும் என்று ஆங்கிலத்தில் கேட்டான். சொல்லிச் சொல்லி வந்த வசனத்தை விட்டு, என் பெயரைச் சொன்னேன். அதை ஒரு எழுத்துப் பிழையோடு எழுதி, நிமிராமல் நன்றி சொல்லி, இசைத்தட்டை என் பக்கம் தள்ளினான். பின்னால் நின்ற பிள்ளை முன்னுக்கு வந்தது.

வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில்தான் நினைவு வந்தது. என் பெயர் அவனுக்குத் தெரியாது. ஒருநாளும் நான் சொன்னதில்லை, அவன் கேட்டதுமில்லை. அக்காவுக்கு என்று எழுதச் சொல்லியிருந்தால் நிமிர்ந்து பார்த்திருப்பான்.

மறுநாள் திங்கட்கிழமை. ஏழேகால் பஸ்ஸில் வேலைக்குப் போனேன். பின்னேரம் வரை சிறுவர் கோட்டுகளுக்கு ஸிப் தைத்தோம்.