கோரைப்பல்லனின் சிரிப்பு

பல் அக்காவுக்கு ஆட்களின் பெயர் மறந்துபோகும், பல் மறக்காது. பல் மருத்துவர்கள் அச்செடுத்து அனுப்ப, அதற்கேற்பப் பல் செய்து கொடுக்கிற லேபில் அவளுக்கு வேலை. உடைந்த பல்லுக்கு மாட்டுகிற கேப், கழற்றி மாட்டுகிற பல்செட்டு எல்லாம் அவள் கையில்தான் உயிர் பெறும். பல் என்றால் வெள்ளை என்று நினைக்கிறவர்களைக் கண்டால் அவளுக்குச் சிரிப்பு வரும். ஈறோரம் இளமஞ்சள், நடுவில் பால் நிறம், நுனியில் கண்ணாடிபோல ஒரு சாம்பல் நீலம். அத்தனையையும் ஒரு பல்லில் கொண்டுவந்து, பக்கத்துப் பல்லோடு சேர்த்து நிறுத்தி, எது அசல் எது கேப் என்று சொந்தக்காரனுக்கே குழம்பினால்தான் வேலை தேறியது. ஊரில் பாதிப் பேர் அவள் கைவேலையை வாயில் வைத்துக்கொண்டு திரிகிறார்கள். ஒருத்தருக்கும் அவளைத் தெரியாது. இதில் அவளுக்குக் கொஞ்சம் வருத்தம். கொஞ்சம் என்ன, நிறையவே வருத்தம்.

அந்த வருத்தம் எங்காவது வடிய வேண்டுமே. பழைய சாமான் கடைகளில் சீந்துவாரில்லாமல் கிடக்கும் பூதம், டிராகன், பல்லி அரசன் வகையறாக்களை வாங்கிவந்து, சோப்புப் போட்டுக் குளிப்பாட்டி, இஷ்டத்துக்குப் புது வண்ணம் தீட்டுவாள். ஊதா டிராகன், புலிக்கோடு போட்ட தவளைப் பூதம், இப்படி அலமாரி நிறைந்துவிட்டது. லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவர், தலைவாரச் சீப்பை எடுக்கக்கூடப் பூதத்திடம் அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். சொல்லிவிட்டுப் பூதங்களைக் காட்டுவதும் அவர்தான்.

இந்த விஷயத்தில் அவளுக்கு எதிர்க்கட்சி அவளுடைய தம்பி. மருந்துக்கடை வைத்திருக்கிறான். அவனும் பூதம் சேர்க்கிறவன்தான், ஆனால் வேறு மதம். தொழிற்சாலையில் அடித்த வண்ணம் அப்படியே இருக்க வேண்டும், ஒரு கீறல் விழக் கூடாது, விரல் படக் கூடாது. மேலே வண்ணம் தீட்டினால் பொம்மை செத்துப்போனதாக அர்த்தம் என்பான். வருடத்துக்கு ஒருமுறை சேகரிப்பாளர்கள் ஒரு மண்டபத்தில் கூடிக் கண்காட்சி வைப்பார்கள். கை படாத பொம்மைகளுக்கு முன்வரிசை. மறுபடி வண்ணம் தீட்டியவற்றுக்கு மூலையில் ஒரு மேசை. அந்த மேசைக்குத் தம்பி வைத்த பெயர் ஆஸ்பத்திரி வார்டு. இவ்வளவு பேசுகிறவன் வாயிலிருக்கும் இடது முன்பல் அவள் செய்த கேப் என்பது வேறு கதை. வாலிபத்தில் சைக்கிளிலிருந்து விழுந்து அவன் பல்லை உடைத்துக்கொண்டபோது, அவள் வேலைக்குச் சேர்ந்த புதிது. யார் உதவியும் இல்லாமல் அவள் தனியாகச் செய்த முதல் பல் அதுதான்.

அப்படிப்பட்ட தம்பி ஒரு நாள் காலையில் துண்டில் எதையோ சுற்றி, காய்ச்சல்காரக் குழந்தையைத் தூக்கிவருவதுபோல வந்து நின்றான். பிரித்தால் கோரைப்பல்லன். முதல் சம்பளத்தில் அவன் வாங்கிய சதுப்புநிலப் பூதம். முழங்கை உயரம், முதுகெல்லாம் செதில், தடித்த வால், வாய் நிறையப் பல். கடையில் அலமாரியை இடம் மாற்றியிருக்கிறான், ஜன்னல் வெயிலை யோசிக்கவில்லை. பூதத்தின் ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் வெளுத்துப்போன பழைய சட்டை. கண்காட்சிக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது.

"பழைய மாதிரியே ஆகணும்க்கா. உன் இஷ்டத்துக்குக் கோடு கீடு போட்றாத. நீ தொட்டதுன்னு ஈ காக்காய்க்குக்கூடத் தெரியக் கூடாது. முன்வரிசையிலதான் வைக்கப்போறேன்."

வேறு யாராவது சொல்லியிருந்தால் கையிலிருந்த கரண்டியாலேயே பதில் சொல்லியிருப்பாள். வீட்டிலும் அதே கதைதானா, செய்தது நான் என்று தெரியவே கூடாதா என்று ஒரு நொடி சுருக்கென்றது. ஆனால் கோரைப்பல்லன் மேல் அவளுக்கும் பல வருடக் கண். கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்ததை இப்போது கையில் வைத்துத் திருப்பிப் பார்க்கலாம். கரும்பு தின்னக் கூலியா? சரி என்றாள். கெட்டுப்போனால் தம்பி முகத்தில் விழிக்க முடியாது என்பது அவன் படியிறங்கிய பிறகுதான் உறைத்தது.

அசல் பச்சை எது? வெளுக்காத பக்கமும் தூசியில் மங்கியிருந்தது. தேடிப் பிடித்த பழைய புகைப்படங்களோ, படத்துக்கொரு பச்சையாக, ஒன்றுக்கொன்று சண்டை போட்டன. பொம்மையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவள் வாலைப் பிடித்து மெல்ல இழுத்தாள். கழன்று வந்தது. வால் செருகியிருந்த குழிக்குள், வெயிலே பார்க்காத பச்சை, நேற்றுப் பறித்த இலைபோல இருந்தது. முகமெல்லாம் சோப்பு நுரையோடு சவரம் செய்துகொண்டிருந்த கணவரிடம் ஓடி, வாலை மூக்குக்கு நேரே நீட்டி, பாருங்க பாருங்க என்றாள். எதைப் பார்ப்பது என்று தெரியாமல் அவர் நல்லாயிருக்கு என்றார்.

அதன்பிறகு அவள் தரையில் நடக்கவில்லை. லேபில் பல்லுக்கு நிறம் பார்ப்பதுபோலவே விளக்கை அணைத்துவிட்டு, ஜன்னலோரக் காலை வெளிச்சத்தில் பச்சையைக் கலந்தாள். துளி மஞ்சள், துளி பழுப்பு, மறுபடி பச்சை. குழியருகே தொட்டுப் பார்ப்பாள், துடைப்பாள், மறுபடி கலப்பாள். தொட்ட இடமே தெரியாமல் நிறம் கரைந்துபோன காலையில் அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். தண்ணீராக நீர்த்த வண்ணத்தை மெல்லிய பூச்சாக, ஒன்று காய்ந்தபின் ஒன்றாக, செதில் செதிலாக ஏற்றினாள். லேபில் மதியச் சாப்பாட்டு வேளையில்கூடப் பேச்சு கோரைப்பல்லனைப் பற்றித்தான். கேட்டவர்கள் டப்பாவை மூடிக்கொண்டு எழுந்துபோனார்கள்.

கண்காட்சியன்று காலையில் பல் மட்டும் பாக்கி. தொழிற்சாலைக்காரன் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெறும் வெள்ளையைத் தடவியிருந்தான். அதையே மேலே தடவினால் போதும், ஐந்து நிமிட வேலை. மனம் ஏற்கனவே மண்டபத்துக்குப் போய்விட்டது, கை மட்டும் மேசையில் இருந்தது. முடித்து, தூரிகையைக் கழுவி, பொம்மையை ஜன்னலில் நிறுத்திவிட்டுத் தள்ளி நின்று பார்த்தாள்.

கோரைப்பல்லன் அவளைப் பார்த்துச் சிரித்தான். பூதச் சிரிப்பல்ல, மனுஷச் சிரிப்பு. ஈறோரம் இளமஞ்சள், நடுவில் பால், நுனியில் சாம்பல் நீலம். ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இருக்காது என்பார்கள். அவள் கை வெள்ளையை ஒதுக்கிவிட்டு, தனக்குத் தெரிந்ததைச் செய்துவைத்திருந்தது. கணவர் எட்டிப் பார்த்து, இந்த வாயை எங்கேயோ பார்த்திருக்கிறேன் என்றார். அவள் வெள்ளைப் புட்டியைத் தேடி எடுப்பதற்குள் தம்பி வந்துவிட்டான்.

முதுகைப் பார்த்தான், வாலைப் பார்த்தான். எந்தப் பக்கம் வெளுத்திருந்தது என்று அவனுக்கே கண்டுபிடிக்க முடியவில்லை. முகம் மலர்ந்தது. பிறகு வாயைப் பார்த்தான். மலர்ந்த முகம் அப்படியே நின்றது. அவள் தூரிகையைத் தோய்த்துக்கொண்டு, அஞ்சே நிமிஷம், வெள்ளையடிச்சுடறேன் என்று அவசர அவசரமாகச் சொன்னாள். அவன் பொம்மையோடு கைகழுவும் தொட்டிக்கு மேலிருந்த கண்ணாடிக்குப் போனான். விரலால் உதட்டைத் தூக்கிப் பார்த்தான். பொம்மையைப் பார்த்தான். மறுபடி உதட்டைத் தூக்கினான்.

"அக்கா, இது என் பல்லு."

அவள் வந்து பார்த்தாள். பூதத்தின் இடது முன்பல்லின் மேல்பக்கம், அவன் கேப்பில் இருப்பதுபோலவே, கடுகைவிடச் சின்னதாக ஒரு வெள்ளைப் புள்ளி. கேப் செய்த அன்றைக்கு அவனுடைய பக்கத்துப் பல்லில் இருந்ததைப் பார்த்து, கேப்பிலும் இருக்கட்டும் என்று அவள் வைத்த புள்ளி. பூதத்துக்கும் அதை வைத்ததைச் சத்தியமாக அவள் நினைத்துச் செய்யவில்லை. தம்பி தூரிகையை அவள் கையிலிருந்து வாங்கித் தண்ணீரில் போட்டான். கிளம்பு, நேரமாச்சு என்றான்.

மண்டபத்தில் முன்வரிசையில் அவனுக்கென்று இடம் விட்டிருந்தார்கள். அவன் அதைத் தாண்டி நடந்தான். நேரே மூலைக்குப் போய், ஆஸ்பத்திரி வார்டு மேசையின் நடுவில் கோரைப்பல்லனை வைத்தான். அமைப்பாளர் ஓடிவந்தார். இதில் கையே படவில்லையே, இங்கே ஏன் வைக்கிறீர்கள் என்று கேட்டார். வாயைப் பாருங்கள் என்றான் தம்பி. குனிந்து பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். இன்னும் இரண்டு பேர் வந்து குனிந்தார்கள்.

"யார் பண்ணினது இது?"

"எங்க அக்கா." அவன் அவள் கையைப் பிடித்து முன்னே இழுத்தான். பிறகு உதட்டை விரலால் தூக்கி, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி காட்டினான். "இதையும் அவங்கதான் செஞ்சாங்க."

அமைப்பாளர் பூதத்தின் வாயைப் பார்த்தார், தம்பியின் வாயைப் பார்த்தார், பல் அக்காவைப் பார்த்தார். பின்னாலிருந்தவர்கள் நாங்களும் பார்க்கிறோம் என்று நெருக்கினார்கள். தம்பி உதட்டைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றான், வரிசை வளர்ந்துகொண்டே போனது.